வியாழக்கிழமைக்கு ஓர் இழுப்பறை

கண்டெய்னர் ஒன்றை வாடகைக்கு எடு,
ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கொட்டு,
ஞாயிறு மத்தியானத்துக்குள் வீடு காலி
என்றான் போருத்.
தம்பி இருப்பது லுப்லியானாவில்.
தூரத்தில் இருப்பவர்களுக்கு
எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

எனக்கு வியாழக்கிழமைகள்தான்.
மரிபோரில், த்ராவா ஆற்றுக்கு இந்தக் கரையில்,
தபால் நிலைய வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்து
கோட்டுகூடக் கழற்றாமல்
ஓர் இழுப்பறை.
ஒன்றே ஒன்று.

முதல் வாரம் எனக்கு எதுவும் தெரியாது.
கறுப்புப் பை நிறைய அள்ளிப் போட்டேன்:
துருப்பிடித்த திருகாணிகள், மூடியில்லாத பேனாக்கள்,
எதனுடையது என்றே புரியாத
ஒரு மரக் கைப்பிடி.
லாரி வந்தது, போனது.
நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் முதியோர் இல்லத்தில்
அம்மா கேட்டாள்:
"என் சல்லடை யாரிடம் இருக்கிறது?"
எங்கே என்று கேட்கவில்லை.
யாரிடம் என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினேன்.

பதினொரு மூக்குக்கண்ணாடிகள்:
கண்ணாடிக் கடை வாசலில் சேகரிப்புப் பெட்டி.
காலாவதியான மாத்திரைகள்: மருந்துக்கடைக்கே.
கவுண்டர்ப் பெண் அட்டைகளை எண்ணிவிட்டு
இத்தனை இரவுகளா என்பதுபோல் நிமிர்ந்தாள்.
அப்பாவின் பனிச்சறுக்குக் கட்டைகள்:
பொஹோர்யே மலையடிவாரப் பள்ளி.
நான்கு ஜோடிதான் எடுத்துக்கொண்டார்கள்,
மற்றது மியூசியத்துக்கு லாயக்கு என்று சிரித்தார்கள்.
மியூசியமும் வேண்டாம் என்றது.
தையல் மெஷின்: நஜீப், மூன்றாவது மாடி.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம்.
பெல்ட் அறுந்திருப்பதைப் படியேறும் முன்பே சொன்னேன்.
சொல்லாமல் கொடுப்பதற்குப் பெயர்
கொடுப்பது இல்லை, தள்ளிவிடுவது.

பெயிண்ட் டப்பாக்களும் பாதரசத் தெர்மாமீட்டரும்
நகராட்சியின் நச்சுக்கழிவு வண்டி வரும்வரை
ஐந்து வாரம் பால்கனியில் காத்திருந்தன,
கிளம்ப மனமில்லாத விருந்தாளிகள் மாதிரி.

இருபத்துநான்கு பேருக்கான பீங்கான் செட்டை
ஒருவரும் சீந்தவில்லை.
தங்கக் கோடு மைக்ரோவேவுக்கு ஆகாதாம்.
கடைசியில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்காரர்கள்
தங்கள் மண்டபத்துக்கு வாங்கிக்கொண்டார்கள்.
செப்டம்பர் விருந்தில்
எனக்கும் அதில் ஒரு தட்டு வந்தது,
கூலாஷ் ஆவி பறக்க,
விளிம்பில் சில்லு பெயர்ந்து.
பெயர்ந்த இரவை எனக்குத் தெரியும்.
எறிந்தது யார், குனிந்தது யார் என்பதும்.
"ஐயோ, மாற்றித் தருகிறேன்" என்று ராய்கோ எழுந்தார்.
வேண்டாம் என்று
ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டேன்.

பியானோ அங்கேயே நிற்கிறது.
பியானோவைப் பற்றிப் பேச வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் நோட்டை அம்மாவுக்கு வாசிப்பேன்.
வருகைப் பதிவு எடுக்கும் டீச்சர்போல்
ஒவ்வொரு பெயருக்கும் தலையசைப்பாள்.
நஜீபின் மனைவி பெயர் கேட்பாள்.
பள்ளியில் பனி விழுந்துவிட்டதா என்பாள்.
நேற்றுக் கேட்டாள்:
"காபி அரவை?"

நவம்பரில்தான் அது அகப்பட்டது,
பரணில், செய்தித்தாள் சுற்றி.
உச்சியில் ஒரு சதுரத் தண்டு மட்டும் மொட்டையாக.
அதைப் பார்த்த பிறகுதான்
அந்த மரக் கைப்பிடியின் வழவழப்பு
என் உள்ளங்கைக்கு ஞாபகம் வந்தது.

"என்னிடம் இருக்கிறது, அம்மா."
"நன்றாகச் சுற்றுகிறதா?"
"சுற்றுகிறது."

நோட்டில் அந்த வரி மட்டும் பென்சிலில்:
காபி அரவை, ஸ்லாவ்கா.
சுற்ற முடியாத ஒன்றை
வேறு யார் தலையில் கட்டுவது?
அதன் அடியில் தீப்பெட்டி அளவு ஓர் இழுப்பறை.
இழுத்தால்
கடைசியாக அரைத்த தூள் இன்னும்
மூலையில் ஒட்டியிருக்கிறது.
திறந்தேன், மூடினேன்.

போருத் போனில் கேட்டான்:
"இன்னும் எத்தனை இழுப்பறை பாக்கி?"
ஒன்று என்றேன்,
பியானோவைக் கணக்கில் சேர்க்காமல்.